லெவல் 17 பார்ட்டிக்கு 'உப்பரசன்': சி.ஆர். (எதிரியோட சவால் அளவு) 21ன்னு வருது, ஆனா ரெண்டே ரவுண்டுல விழுந்துடுமோ?

உப்புமூட்டை எழுதியது:

ஆட்டம் டன்ஜன்ஸ் & டிராகன்ஸ், விதிகள் 2014 ஐந்தாம் பதிப்பு. பார்ட்டியில நாலு பேர், எல்லாரும் லெவல் 17: ஃபைட்டர், பாலடின் (புனித வீரர்), விசார்ட் (மந்திரவாதி), கிளெரிக் (பூசாரி). வாள் பிடிக்கிற ரெண்டு பேர் கையிலயும் +3 ஆயுதம். கேம்பெயினோட கடைசி எதிரியா சொந்தமா ஒண்ணு கட்டிக்கிட்டிருக்கேன்.

கரு இது: கடல் வத்திப்போன உப்புச் சமவெளி. அதுக்கடியில புதைஞ்ச ராட்சத அரசன். உப்பு படிஞ்சு படிஞ்சு, பிணம் எது பாறை எதுன்னு பிரிக்க முடியாம இறுகிக் கிடக்கான். பேரு உப்பரசன்.

இப்போதைக்கு இருக்கிற எண்கள்:

அளவு கார்கன்சுவன் (ஆகப் பெரியது). ஏ.சி. (அவனை அடிக்க எட்டவேண்டிய எண்) 20, ஹெச்.பி. (உயிர்ப் புள்ளி) 420. ஸ்ட்ரென்த் (பலம்) 26, டெக்ஸ் (சுறுசுறுப்பு) 8, கான் (உடலுறுதி) 26, இன்ட் (அறிவு) 6. கான், விஸ்டம், கரிஸ்மா மூணு சேவ்லயும் (பாதிப்பைத் தவிர்க்கப் போடுற உருட்டு) தேர்ச்சி. மல்ட்டிஅட்டாக்ல மூணு குத்து, +14, ஒவ்வொண்ணும் சராசரி 30 (4டி10+8, அதாவது பத்து முகப் பகடை நாலு, கூட 8). உப்பு மூச்சு ரீசார்ஜ் 5-6 (பகடையில 5, 6 விழுந்தா திரும்பக் கிடைக்கும்): 60 அடி கூம்பு, கான் சேவ் டி.சி. (சேவ் எட்டவேண்டிய எண்) 22, தோத்தா 70 (20டி6), கூடவே உப்புச் சிலையா உறைஞ்சு போகணும். விஷம், நெக்ரோடிக், மந்திரமில்லா ஆயுத அடி மூணுக்கும் இம்யூனிட்டி. லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் (தோத்த சேவை ஜெயிச்சதா மாத்துறது) நாளைக்கு 3. லெஜண்டரி ஆக்‌ஷன் (அடுத்தவங்க டர்ன் முடிவுல எடுக்கிற கூடுதல் செயல்) இன்னும் வைக்கல.

டி.எம்.ஜி. (டி.எம்., அதாவது ஆட்டத்தை நடத்துறவரோட கையேடு) அட்டவணையில நான் போட்ட கணக்கு: 420ஐ இம்யூனிட்டிக்காக 1.25ஆல பெருக்கி 525, ரெசிஸ்டன்ஸுக்கு 90 சேர்த்து 615. தற்காப்பு சி.ஆர். 25. தாக்குதல் பக்கம் (70+90+90)÷3 = 83, அது சி.ஆர். 13, +14 அங்க இருக்கவேண்டியதை விட 6 கூட, அதனால 16. சராசரி 20.5, அதை 21ன்னு வச்சேன். 33,000 எக்ஸ்.பி. (அனுபவப் புள்ளி). ஆனா நாலு பேருக்கு டெட்லி (உயிருக்கே ஆபத்து) எல்லையே 35,200. கடைசி எதிரி டெட்லி கூட இல்லையா?

கேள்வி மூணு. கணக்கு சரியா? இது நிஜமா எத்தனை ரவுண்டு நிக்கும்? வகையை இறவாதவைன்னு வைக்கவா, எலிமென்டல்னு வைக்கவா, கன்ஸ்ட்ரக்டா?

---

பகடைப்பாண்டி:

முதல்ல கணக்கு. மூணு இடத்துல சறுக்கியிருக்கீங்க. வேடிக்கை என்னன்னா, மூணும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு விடை கிட்டத்தட்ட சரியா வந்திருக்கு.

ஒண்ணு, அந்த 1.25. சி.ஆர். 17க்கு மேல இம்யூனிட்டிக்கு 1.25தான், மறுப்பில்லை. ஆனா பார்ட்டியில எல்லாராலயும் அந்த இம்யூனிட்டியைத் தாண்ட முடியும்னா பெருக்கவே கூடாது. +3 வாளுக்கு முன்னாடி 'மந்திரமில்லா ஆயுத அடி' வெறும் அலங்காரம். இந்த லெவல்ல விஷத்தை நம்பி யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க. பெருக்கலை அடிச்சுடுங்க.

அந்த 420ஐயும் திருத்தணும். கார்கன்சுவனுக்கு டி20 ஹிட் டைஸ் (ஹெச்.பி.யைக் கணக்கிடுற பகடை), சராசரி 10.5. கான் 26ன்னா டைஸுக்கு +8. ஆக ஒரு டைஸ் 18.5. 23டி20+184 = 425. அதோட 90 சேர்த்தா 515, சி.ஆர். 23 (491-535).

ரெண்டு, மூணு சேவ்ல தேர்ச்சி இருந்தா கணக்குக்கு ஏ.சி.யில +2. அதை விட்டுட்டீங்க. 22ன்னு எடுத்தா அட்டவணை சொல்ற 19ஐ விட 3 கூட. ரெண்டுக்கு ஒரு படி, அதனால தற்காப்பு 24.

மூணு, மூச்சுத் தாக்குதல் ரெண்டு பேர் மேல பட்டு ரெண்டு பேரும் சேவ் தோக்குறதா எடுத்துக்கணும். 70 இல்லை, 140. (140+90+90)÷3 = 106. சி.ஆர். 17 (105-110). ப்ரொஃபிஷியன்ஸியும் (தேர்ச்சிக்குச் சேர்ற எண்) சி.ஆர். 21-24க்கு +7, நீங்க போட்டிருக்கிற +6 இருபதோட முடிஞ்சுது. அதனால அட்டாக் +15, டி.சி. 23. அட்டவணை 17க்குச் சொல்றது +10, அஞ்சு கூட, ரெண்டு படி ஏத்தி 19. 24க்கும் 19க்கும் நடுவுல 21.5.

இவ்வளவு சொன்னதும் எண்ணைச் சரிபண்ண மட்டும்தான். உங்க ரெண்டாவது கேள்விக்கு சி.ஆர். பதிலே சொல்லாது. அட்டவணை மூணு ரவுண்டு சண்டையை மனசுல வச்சுப் போட்டது. உங்க உப்பரசன் மூணாவது ரவுண்டைப் பார்க்கவே மாட்டான். எப்படின்னு பாருங்க.

ஃபைட்டர், பெருவாள்: 2டி6 = 7, ஸ்ட்ரென்த் 5, வாள் 3, ஆக 15. அட்டாக் 6+5+3 = +14; ஏ.சி. 20ஐ அடிக்க டைஸ்ல 6 வந்தா போதும், 75%. ஆக்‌ஷன் சர்ஜோட (ஒரே டர்ன்ல இன்னொரு தடவை ஆடுறது) ஆறு வெட்டு: 6×15×0.75 = 67. லெவல் 17ல சர்ஜ் ரெண்டு தடவை உண்டு. அதனால ரெண்டாவது ரவுண்டும் 67.

பாலடின்: ஒரு வெட்டு 12.5, இம்ப்ரூவ்ட் ஸ்மைட் (வெட்டோட சேர்ற புனித அடி) 4.5, நாலாம் நிலை ஸ்லாட்டை (மந்திரத்துக்கான இருப்பு) கொட்டினா 5டி8 = 22.5. எதிரி இறவாதவைன்னா இன்னொரு டி8. மொத்தம் 44. ரெண்டு வெட்டு, 75%: 66. நாலாம் நிலை ஸ்லாட் மூணு, அஞ்சாம் நிலை ஒண்ணு இருக்கு. அதனால இவரும் ரெண்டாவது ரவுண்டுல அதே 66.

விசார்ட்: மீட்டியர் ஸ்வார்ம் (விண்கல் மழை மந்திரம்), 40டி6 = 140. டெக்ஸ் 8ஐ வச்சுக்கிட்டு டைஸ்ல 20 வந்தாத்தான் டி.சி. 19ஐ எட்ட முடியும். ஒரு லெஜண்டரி ரெசிஸ்டன்ஸை எரிச்சா 70. கிளெரிக்குக்கு ஒரு 30 வைங்க.

முதல் ரவுண்டு 233லிருந்து 303. ரெண்டாவது ரவுண்டு 67+66+50+30 = 213. குறைஞ்ச பட்சமா எடுத்தாலும் 446. உங்களுக்கு இருக்கிறது 425.

ஆக அவனுக்குக் கிடைக்கிறது அதிகபட்சம் ரெண்டு டர்ன். அதுல ஒண்ணு மூச்சு, ஒண்ணு குத்து. விசார்ட் முதல்ல ஆடி ஏதாவது சுவரை எழுப்பிட்டா அதுவும் போச்சு.

---

குகைவாசி:

இவ்வளவு எதுக்கு? ஹெச்.பி.யை 800ன்னு வச்சுட்டு போங்க. டி.எம். கையிலதானே எல்லாம்.

---

பகடைப்பாண்டி:

@குகைவாசி அதுல ஒரு சிக்கல். பார்ட்டியோட அடி ரவுண்டுக்கு ரவுண்டு சரியும். மூணாவது ரவுண்டுல ஃபைட்டர் மூணு வெட்டு, 34. பாலடின் மூணாம் நிலை ஸ்லாட்டுக்கு இறங்குவார், 59. விசார்ட் 40, கிளெரிக் 30. மொத்தம் 163. ஸ்லாட் தீரத் தீர இன்னும் குறையும். 800ன்னு வச்சா மூணாவது ரவுண்டுக்கு மேல நாலு பேரும் ஒரே மாதிரி அடிச்சுக்கிட்டு, எண்ணைக் கழிச்சுக்கிட்டு உக்காரணும். எதிரியும் அதே மூணு குத்தைத் திரும்பத் திரும்பக் குத்திக்கிட்டிருப்பான். கல்லுடைக்கிற வேலை.

@உப்புமூட்டை ஹெச்.பி.யைக் கூட்டாம, அதை ரெண்டாப் பிரிங்க. முதல் கட்டம் 425, உப்பு ஓடு. அது உடைஞ்சதும் உள்ள இருக்கிற அரசன், 300. 2020ல வந்த தீரோஸ் புத்தகத்துல மித்திக் மான்ஸ்டர்னு இதையேதான் செஞ்சாங்க. ரெண்டாவது கட்டத்துல ஏ.சி. 17க்கு இறங்கட்டும், வேகம் இரட்டிக்கட்டும், மூச்சு உடனே ரீசார்ஜ் ஆகட்டும். 300ஐ 163ஆல வகுத்தா ரெண்டு ரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் நாலு ரவுண்டு. கடைசிச் சண்டைக்கு அது போதும்.

ரெண்டு கட்ட ஹெச்.பி.யையும் கூட்டி அட்டவணையில தேடாதீங்க. 725+90 = 815ன்னு தற்காப்பு 30ல போய் நிக்கும்; அதுக்கேத்த மாதிரி ப்ரொஃபிஷியன்ஸியை +9 ஆக்கத் தோணும். அப்புறம் டி.சி. 25. அது வேற மான்ஸ்டர்.

லெஜண்டரி ஆக்‌ஷன் கட்டாயம் வேணும். நாலு பேர் நாலு டர்ன் ஆடும்போது இவன் ஒரே ஒரு டர்ன் ஆடினா அது சண்டை இல்லை, வரிசையில நின்னு அடிக்கிறது. ஒரு ஆக்‌ஷன் விலையில 'உப்புச் சாட்டை': +15, எட்டும் தூரம் 30 அடி, 22 (4டி6+8). மூணும் சாட்டைன்னா ரவுண்டுக்கு 66 கூடுது. 106+66 = 172, சி.ஆர். 22, அட்டாக்குக்கு ரெண்டு படி, 24. தற்காப்பும் 24, தாக்குதலும் 24. எக்ஸ்.பி. 62,000.

ஒரே ஒரு வரி மறக்காம சேருங்க: ஒரு ரவுண்டுல ஒரே ஆளை சாட்டை ரெண்டு தடவை அடிக்கக்கூடாது. லெவல் 17 விசார்ட், கான் 14, ஹெச்.பி. 104. மூச்சு 70 பட்டு, அடுத்தவங்க டர்ன் முடிவுல ரெண்டு சாட்டை 44 விழுந்தா ஆள் காலி, அவர் டர்ன் வர்றதுக்கு முன்னாடியே. ஃபைட்டருக்கு 157, அவர் தாங்குவார்.

---

நாலாம்பதிப்பு:

குகைவாசி சொன்ன வழியை ஒரு பதிப்பு முழுக்க நடந்து பார்த்திருக்கிறார்கள். 2008இல் வந்த நான்காம் பதிப்பில் 'சோலோ' என்று முத்திரை குத்திய மான்ஸ்டருக்கு, 11ஆம் லெவலுக்கு மேல் என்றால், சாதாரண மான்ஸ்டரைப் போல ஐந்து மடங்கு ஹெச்.பி. சண்டை இழுத்துக்கொண்டே போனது. 2009இல் நான்கு மடங்காகக் குறைத்தார்கள். 2010இல் மூன்றாம் மான்ஸ்டர் புத்தகத்தோடு அடியை ஏற்றினார்கள். ஹெச்.பி.யைக் குறை, அடியைக் கூட்டு என்பதுதான் அவர்கள் கடைசியில் வந்து சேர்ந்த இடம்.

வகைப்பாட்டுக் கேள்விக்கு வருகிறேன். ஐந்தாம் பதிப்பில் வகை என்பது ஒரு பெயர்ச்சீட்டு மட்டுமே. 3.5இல் இறவாதவை என்று எழுதிய கணமே டி12 ஹிட் டைஸ், கான் எண்ணே கிடையாது, மனத்தைத் தாக்கும் மந்திரம் எதுவும் ஒட்டாது என்று ஒரு மூட்டை கூடவே வரும். இப்போது அப்படி எதுவும் வராது. ஹிட் டைஸை அளவு தீர்மானிக்கிறது. இம்யூனிட்டியை நீங்கள் தனித்தனியாக எழுத வேண்டும். கன்ஸ்ட்ரக்ட் என்று எழுதிவிட்டு விஷ இம்யூனிட்டியை எழுத மறந்தால், உங்கள் கல் சிலைக்கு விஷம் ஏறும்.

ஆகவே பதினான்கு வகைகளில் எதைத் தேர்வது என்பதை, 'இது எதனால் ஆனது' என்று யோசித்துத் தீர்மானிக்க வேண்டியதில்லை. உங்கள் பார்ட்டியிடம் உள்ள எந்த மந்திரம், எந்தத் திறன் அந்தப் பெயர்ச்சீட்டைப் பிடித்து இழுக்கும் என்று பாருங்கள்.

இறவாதவை என்றால்: பாலடினின் ஸ்மைட்டுக்கு ஒரு டி8 கூடுதல், அதாவது வெட்டுக்கு 4.5. பயப்பட ஒன்றுமில்லை. கிளெரிக்கின் டர்ன் அன்டெட் (இறவாதவற்றை விரட்டும் திறன்) ஒரு விஸ்டம் சேவ் கேட்கும். தோற்றால் ஒரு ரெசிஸ்டன்ஸ் செலவாகும். லெவல் 17இல் டெஸ்ட்ராய் அன்டெட் (அவற்றை அழிக்கும் திறன்) சி.ஆர். 4 வரை மட்டுமே, உப்பரசனைத் தொடாது. பதிலுக்கு ஹோல்ட் மான்ஸ்டர் (எதிரியை அசையவிடாத மந்திரம்) இறவாதவைமேல் வேலை செய்யாது. இது பெரிய லாபம்.

எலிமென்டல் என்றால்: அவன் பிறந்த தளம் வேறு என்று ஆகிவிடும். அப்போது பானிஷ்மென்ட், வெறும் நான்காம் நிலை மந்திரம், ஒரு நிமிடம் கவனம் கலையாமல் பிடித்தால் அவனைத் திரும்பி வராதபடி ஊருக்கு அனுப்பிவிடும். உங்கள் பாலடினிடமும் அந்த மந்திரம் இருக்கக்கூடும். கடைசி எதிரிக்கு இது வேண்டாத வம்பு.

கன்ஸ்ட்ரக்ட் என்றால் யாருடைய திறனும் சிக்காது. அதனாலேயே அது சலிப்பு. இருபது அமர்வுகளாகக் கிளெரிக்கும் பாலடினும் தங்கள் திறனைக் காட்டக் காத்திருப்பார்கள். அந்தக் கொக்கியை நீங்களே வெட்டிவிடுவீர்கள்.

என் ஓட்டு இறவாதவைக்கு.

வகைக்குப் பக்கத்தில் நான்காம் பதிப்பின் பாத்திரப் பெயரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். ஆறு உண்டு: ப்ரூட் (முரடன்), சோல்ஜர் (முன்வரிசைக் காவலன்), ஸ்கர்மிஷர் (நகர்ந்து தாக்குபவன்), ஆர்ட்டிலரி (தூரத்திலிருந்து தாக்குபவன்), லர்க்கர் (பதுங்கித் தாக்குபவன்), கன்ட்ரோலர் (களத்தைக் கட்டுப்படுத்துபவன்). விதியில் இன்று அதற்கு இடமில்லை. ஆனால் மேல் லெவல் மான்ஸ்டர் சப்பென்று போவதற்கு முக்கால்வாசிக் காரணம், சி.ஆர். ஒரே எண்ணாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறுவேறு ஜாதி என்பதைக் கவனிக்காததுதான். லிச் என்ற இறவாத மந்திரவாதியைப் பாருங்கள். சி.ஆர். 21, ஹெச்.பி. 135, ஏ.சி. 17. அட்டவணை அந்த சி.ஆருக்குச் சொல்வது 401-445. அது கன்ட்ரோலர், ஒன்பதாம் நிலை மந்திரங்களில் அதன் பலம் இருக்கிறது. திறந்த வெளியில் தனியாக நிறுத்தினால் பாண்டி போட்ட கணக்குப்படி முதல் ரவுண்டிலேயே சாம்பல். பழம்பெரும் சிவப்பு டிராகன், சி.ஆர். 24, ஹெச்.பி. 546, பறக்கும் வேகம் 80 அடி, மூச்சு 91. அது வானத்தில் இருக்கும்வரை ஸ்கர்மிஷர். அதைத் தரையில் நிற்கவைத்துக் கடிக்கவிட்டால் பாதி சி.ஆரை நீங்களே பிடுங்கிக்கொண்டதாக அர்த்தம்.

உப்பரசன் முதல் கட்டத்தில் சோல்ஜர், இரண்டாம் கட்டத்தில் ப்ரூட். இதைத் தீர்மானித்துவிட்டால் எண்கள் தாமே வரும்: சோல்ஜருக்கு உயர்ந்த ஏ.சி., நகரவிடாமல் பிடிக்கும் திறன். ப்ரூட்டுக்குத் தாழ்ந்த ஏ.சி., பெரிய அடி.

---

சட்டாம்பிள்ளை:

எண்ணெல்லாம் சரி. ஆனா இவனைக் கொல்லப்போறது ஹெச்.பி. கணக்கு இல்லை, சேவே கேட்காத மூணு மந்திரம். லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் சேவ் தோத்தா மட்டும்தான் உதவும். சேவே இல்லைன்னா நாளைக்கு முப்பது வச்சிருந்தாலும் பிரயோஜனமில்லை.

மேஸ். எட்டாம் நிலை, லெவல் 17 விசார்டுக்குக் கைவசம் இருக்கும். சேவ் இல்லை. ஆளைத் தூக்கி வேற வெளியில போட்டுடும். வெளிய வர ஒரு ஆக்‌ஷன் செலவழிச்சு டி.சி. 20 இன்டெலிஜென்ஸ் செக். நீங்க வச்ச இன்ட் 6ன்னா -2. டைஸ்ல 20 விழுந்தாலும் 18. செக்ல 20 விழுந்தா தானா ஜெயிப்புங்கிற விதியும் கிடையாது. பத்து நிமிஷம் உள்ளேயே சுத்துவான். 2014 டராஸ்க்குங்கிற ராட்சத மிருகத்துக்கும் இதே கதிதான்: சி.ஆர். 30, ஹெச்.பி. 676, ஏ.சி. 25, ஆனா இன்ட் 3. மேஜிக் ரெசிஸ்டன்ஸ் இருந்தும் இந்த இடத்துல பைசா பிரயோஜனமில்லை, அது சேவுக்குத்தான்.

இன்டை 14ஆக்கினாலும் டைஸ்ல 18 வரணும், 15%. அதுக்குப் பதிலா நேரடியா ஒரு குணம் எழுதுங்க: 'உப்புச் சமவெளியில் நிற்கும்வரை உப்பரசனை வேறு தளத்துக்கு அனுப்ப முடியாது.' ஒரே வரியில மேஸும் பானிஷ்மென்ட்டும் அடைபடும். சமவெளியை விட்டு இழுத்து வெளிய கொண்டுவந்தா அந்தக் குணம் போயிடும். பார்ட்டி அதைக் கண்டுபிடிச்சா அவங்க கெட்டிக்காரத்தனம்.

ஃபோர்ஸ்கேஜ். ஏழாம் நிலை, 2014ல கவனம்கூட தேவையில்லை, ஒரு மணி நேரம். கூண்டு 20 அடி. கார்கன்சுவன் பிடிக்கிற இடமும் 20 அடிக்கு 20 அடி. உள்ள போகுமா போகாதான்னு மேஜையில அரை மணி நேரம் வாக்குவாதம் நடக்கும். அதை இப்பவே தீர்த்துடுங்க: அவன் பிடிக்கிற இடம் 25 அடின்னு ஸ்டாட் பிளாக்ல (எதிரியோட எண் பட்டியல்) எழுதுங்க. கூண்டுக்குள்ள அடங்காத உருவத்தை மந்திரமே வெளிய தள்ளிடும். வால் ஆஃப் ஃபோர்ஸ் குமிழும் 10 அடி ஆரம்தான், அதாவது 20 அடி விட்டம். அதுலயும் அடங்கமாட்டான். பலகை பலகையா சுவர் வச்சா வைக்கட்டும், அது நியாயமான ஆட்டம், சுத்தி வர வழி இருக்கும்.

இனி அந்த உப்புச் சிலை. டி.சி. 23 கான் சேவ். விசார்டுக்கும் கிளெரிக்குக்கும் கான் சேவ் +2ன்னு வைங்க. டைஸ்ல 20 வந்தாலும் 22. சேவ்லயும் 20க்குத் தானா வெற்றி இல்லை. அதாவது அவங்க தோத்தே ஆகணும். பாலடின் பக்கத்துல 10 அடிக்குள்ள நின்னா ஆரா (பக்கத்துல இருக்கிறவங்க சேவுக்கு உதவுற அவரோட திறன்) +5 கிடைக்கும், அப்பவும் 16 வரணும், 25%. 60 அடி கூம்புக்குப் பயந்து சிதறி நிக்கச் சொல்ற அதே மூச்சு, ஆராவுக்காக ஒட்டி நிக்கவும் சொல்லுது. இந்த இழுபறி எனக்குப் பிடிச்சிருக்கு, அதை விடாதீங்க. ஆனா மூச்சுக்கு ஒரு தடவை தோத்தா சண்டை முடியிறவரைக்கும் சிலைன்னா, ஒரு ஆட்டக்காரர் ராத்திரி முழுக்க போனைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பார்.

அடிக்கு டி.சி. 23 இருக்கட்டும். உறைதலை மட்டும் படிப்படியா ஆக்குங்க. முதல் தோல்வி: ரெஸ்ட்ரெய்ன்ட் (நகர முடியாது), காலைச் சுத்தி உப்பு. தன் டர்ன் முடிவுல டி.சி. 18 சேவ், தோத்தா பெட்ரிஃபைட் (சிலையா உறைஞ்சிடுவார்). எந்த நிலையிலயும் பக்கத்துல இருக்கிறவர் ஒரு ஆக்‌ஷன்ல ஒரு தோல்பைத் தண்ணியை ஊத்தினா ஒரு படி குறையும். கருவே உப்புதானே, தண்ணிக்குக் கரையாம எப்படி?

---

உப்புமூட்டை:

தண்ணி விஷயம் எனக்கே தோணியிருக்கணும்! திருத்தி எழுதியிருக்கேன், பாருங்க:

உப்பரசன். கார்கன்சுவன் இறவாதவை, இடம் 25 அடி. சி.ஆர். 24, ப்ரொஃபிஷியன்ஸி +7.
ஏ.சி. 20. ஹெச்.பி. 425 (23டி20+184). வேகம் 30 அடி.
ஸ்ட்ரென்த் 26, டெக்ஸ் 8, கான் 26, இன்ட் 12, விஸ்டம் 16, கரிஸ்மா 20. சேவ்: கான் +15, விஸ்டம் +10, கரிஸ்மா +12.
இம்யூனிட்டி: நெக்ரோடிக், விஷம். (மந்திரமில்லா ஆயுதத்தைத் தூக்கிட்டேன்.)
லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ், நாளைக்கு 3.
வேரூன்றியவன்: உப்புச் சமவெளியில் நிற்கும்வரை வேறு தளத்துக்கு அனுப்ப முடியாது.
ஓடு: ஒரே டர்னில் ஒரு குடம் அளவுக்கு மேல் தண்ணீர் பட்டால் அடுத்த ரவுண்டு முடியும்வரை ஏ.சி. 17.
மூன்று குத்து: +15, எட்டும் தூரம் 20 அடி, 30 (4டி10+8).
உப்பு மூச்சு, ரீசார்ஜ் 5-6: 60 அடி கூம்பு, கான் டி.சி. 23, 70 (20டி6), பாதி. தோத்தா ரெஸ்ட்ரெய்ன்ட், டர்ன் முடிவில் டி.சி. 18, தோத்தா பெட்ரிஃபைட்.
லெஜண்டரி ஆக்‌ஷன் 3: உப்புச் சாட்டை (ஒரு ரவுண்டில் ஒரே ஆளை ஒரு தடவைதான்), பாதி வேகம் நகர்தல், ரெண்டு ஆக்‌ஷன் விலையில் தரையைப் பிளத்தல்.
உடைந்த ஓடு: ஹெச்.பி. 0 ஆனால் சாகாமல், 300 ஹெச்.பி. திரும்பப் பெறுவான். ஏ.சி. 17, வேகம் 60, மூச்சு ரீசார்ஜ் ஆகும்.

தரையைப் பிளக்கிறதுக்கு எண் இன்னும் போடல. லேர் ஆக்‌ஷனும் (எதிரியோட இருப்பிடமே செய்யிற செயல்) வேணுமா?

---

பகடைப்பாண்டி:

பிளக்கிறதுக்கு டெக்ஸ் சேவ் டி.சி. 23, 30 அடி ஆரம், சேதம் 22, தோத்தா கீழ விழணும். ரெண்டு பேர் மேல பட்டா 44, ரெண்டு சாட்டைக்குச் சமம், கணக்கு நகராது.

லேர் ஆக்‌ஷன் ஒண்ணே ஒண்ணு போதும்: இனிஷியேட்டிவ் (ஆடுற வரிசை எண்) 20ல உப்புப் புழுதி எழும்பி 20 அடி உருண்டையில பார்வை மறைக்கட்டும். அடி வேண்டாம். 2025 மான்ஸ்டர் புத்தகத்துல லேர் ஆக்‌ஷனையே எடுத்துட்டு, இருப்பிடத்துல இருந்தா ஒரு லெஜண்டரி ஆக்‌ஷன் கூடுதல்னு சுருக்கிட்டாங்க. மேஜையில நடத்த அது சுலபம். இனிஷியேட்டிவ் 20ஐ மறந்துபோறதுதான் டி.எம்.களோட பொது வியாதி. விருப்பம் உங்களது.

---

நாலாம்பதிப்பு:

பறப்பதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்? விசார்ட் ஃப்ளை போட்டு 120 அடி உயரம் போனால், மூச்சு 60, சாட்டை 30. 2014 டராஸ்க்கைக் காற்றில் நின்று அம்பெய்தே கொல்லலாம் என்று வருடக்கணக்காகக் கேலி செய்ததற்கு இதுதான் காரணம். பறக்கத் தெரியாது, தூரத்துக்கு எறிய எதுவும் கிடையாது. குத்தில் ஒன்றுக்குப் பதிலாக உப்புப் பாளத்தைப் பெயர்த்து எறியட்டும்: +15, தூரம் 120/240 அடி, அதே 30. புதிதாக அடி எதுவும் கூடவில்லை, ஆகவே சி.ஆர். மாறாது.

---

சட்டாம்பிள்ளை:

கடைசி வரியில ரெண்டு ஓட்டை இருக்கு, அதை அடைச்சுட்டு அச்சுக்கு விடுங்க.

'300 ஹெச்.பி. திரும்பப் பெறுவான்'ன்னு எழுதியிருக்கீங்க. சில் டச், வெறும் கேன்ட்ரிப் (ஸ்லாட் தேவையில்லாத சிறு மந்திரம்), பட்டா விசார்டோட அடுத்த டர்ன் தொடங்கிறவரை ஹெச்.பி. திரும்பப் பெற முடியாது. பார்ட்டியில யாராவது ஓடு உடையிற நேரம் பார்த்து அதைப் போட்டுட்டா ரெண்டாவது கட்டமே கிடையாது. 'அவன் ஹெச்.பி. 300 என்று ஆகும்'ன்னு மாத்துங்க. பெறுறது இல்லை, ஆகுறது.

ரெண்டாவது ஓட்டை பவர் வேர்ட் கில். 100 ஹெச்.பி. அல்லது அதுக்குக் கீழ இருந்தா, சேவ் இல்லாம சாவு. அது ஹெச்.பி.யை 0 ஆக்குறதில்லை, நேரா கொல்லும். உங்க குணம் '0 ஆனால்'ன்னு தொடங்குது, அதனால வேலை செய்யாது. விசார்ட் மீட்டியர் ஸ்வார்முக்கு ஒன்பதாம் நிலை ஸ்லாட்டைச் செலவழிக்காம வச்சிருந்தா, 425லிருந்து 325ஐ மத்தவங்க உரிச்சதும் ஒரே சொல்லுல ரெண்டு கட்டமும் முடிஞ்சுது. இப்படி எழுதுங்க: 'ஹெச்.பி. 0 ஆனாலோ, வேறு விதத்தில் இறக்க நேர்ந்தாலோ, ஓடு உடைகிறது. இது ஒரு முறை மட்டும்.' டிஸின்டக்ரேட் தூளாக்குறதும் இதுலயே அடங்கிடும்.

ரெண்டாவது கட்டத்துல அவன் 100க்குக் கீழ இறங்கின பிறகு அந்தச் சொல்லைச் சொன்னா சாகட்டும். ஒன்பதாம் நிலை ஸ்லாட்டை நாலு ரவுண்டு கையில வச்சுக்கிட்டு காத்திருந்தவருக்கு அது சேரவேண்டியதுதான்.